வணக்கம் வைத்த ரோபோ

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது தேடிப் பிடித்துப் பார்த்துவிடுவார்கள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். டிக்கெட்டை என் நாத்தனார் எடுத்தாள். அப்படியும் வயிற்றெரிச்சல் அடங்க ஒரு வாரம் ஆனது.

கதை இவ்வளவுதான். வேறொரு கிரகம். அங்கே காற்றில் ஏதோ கோளாறு, துப்பாக்கி வெடிக்காது. அதனால் எல்லோரும் கையாலும் காலாலும்தான் அடித்துக்கொள்ள வேண்டும். வில்லன், பல் டாக்டர் நாற்காலி போன்ற ஒன்றில் சாய்ந்துகொண்டு கிரகத்தை ஆள்கிறான். அவனுக்குக் காவலாகப் பன்னிரண்டு ரோபோக்கள். கதாநாயகன் பூமியிலிருந்து போய் அந்தப் பன்னிரண்டையும் அடித்து நொறுக்குகிறான். பன்னிரண்டில் ஒன்று என் வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஏதாவது ஒரு அபார்ட்மெண்டில் லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் கிடப்பார். காலை ஐந்தரைக்கு லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச் ஹாலில் கராத்தே. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்தது, இன்றுவரை விடவில்லை. கூட வருகிறவர்களும் நடுவயசு ஆட்கள்தான். ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர், பேங்க் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறவர் ஒருவர், இரண்டு தையல்காரர்கள், ஒரு நர்ஸ், இப்படி.

ஹாலுக்குள் நுழையும்போது தலை வணங்க வேண்டும். வெளியே வரும்போது வணங்க வேண்டும். எதிரே நிற்பவரை அடிக்கும் முன் வணங்க வேண்டும், அடித்து முடித்த பிறகும் வணங்க வேண்டும். இத்தனை வணக்கத்துக்கு நடுவில் அடிக்க எப்போது நேரம் கிடைக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இன்னொரு விஷயம், அடித்தாலும் அடிக்கக் கூடாது. குத்து எதிராளியின் சட்டை வரைக்கும் போய் நின்றுவிட வேண்டும். அதுதான் திறமையாம். பட்டுவிட்டால் அடித்தவனுக்குத்தான் திட்டு.

வீட்டிலும் இந்தப் பழக்கம் போகவில்லை. காஸ் சிலிண்டரைத் தூக்கும் முன் அதன் எதிரில் நின்று தலையைச் சாய்ப்பார். கேட்டால், "நானா, இல்லையே" என்பார்.

சினிமா எப்படி வந்தது என்றால், ஃபைட் மாஸ்டர் ஒருவர் ஆள் தேடி ஹாலுக்கே வந்தார். நிஜமாகக் கராத்தே தெரிந்த பன்னிரண்டு பேர் வேண்டும், ஹெல்மெட் உண்டு, முகம் தெரியாது என்றார். முகம் தெரியாது என்றதும் எல்லோருக்கும் கூச்சம் விட்டுப்போய்விட்டது. நர்ஸ் உட்படப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். ஷூட்டிங் எங்கே என்று பார்த்தால் கோலார் தங்கவயல். அந்தக் காலத்தில் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் அங்கே மலை மலையாகக் கிடக்கிறது. சயனைட் மேடு என்பார்கள். கேமராவுக்கு அது வேற்றுக் கிரகம். என் வீட்டுக்காரருக்கு அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் பின்பக்கம்.

இரண்டு வாரம் லீவு போட்டுப் போனார். திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார், வாயில் வைக்கவில்லை.

"மாஸ்டர் கூப்புட்றாரு. அவர் குழுவுலயே சேந்துக்கச் சொல்றாரு" என்றார்.

"எதுக்கு?"

"ஃபைட்டுக்குத்தான்."

"உங்களுக்கு நாப்பத்தி நாலு."

"ஹெல்மெட் போட்டா வயசு தெரியாது."

"எல்லாப் படத்துலயும் ஹெல்மெட் குடுப்பாங்களா?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, லிஃப்ட் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. அதற்குள் அவரே அடுத்ததையும் சொல்லிவிட்டார்.

"நீதானே செக்கர். படம் வரட்டும், நீயே பாரு. தேறும்னா வேலைய விட்டுட்றேன். தேறாதுன்னா ஒரு வார்த்த பேச மாட்டேன். குழிக்குள்ள எறங்கிட்றேன்."

நான் ரெடிமேட் ஃபேக்டரியில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். தைத்து முடித்த சட்டையை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. தையல் விட்டிருந்தால் அம்பு, நூல் தொங்கினால் அம்பு, காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தால் அம்பு. முகத்தைப் பார்த்துப் பாஸ் போட்டதில்லை. அதனால் ஃபேக்டரியில் எனக்குச் சினேகிதிகள் குறைவு. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். பொண்டாட்டியாகச் சொல்லாதே, செக்கராகச் சொல் என்கிறார்.

சரி என்றேன். உண்மையில் அப்போதே மனசுக்குள் அம்பு ஒட்டியாகிவிட்டது. நிலையான வேலை, அதற்கென்று ஒரு யூனிஃபார்ம். அதை விட்டுவிட்டு எவனோ ஒருவனிடம் உதை வாங்கப் போகிறேன் என்கிறவரை எந்தப் பொம்பளை பாஸ் போடுவாள்? படம் எப்படியும் கேவலமாகத்தான் இருக்கும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

காத்திருந்த மாதங்களில் ஷூட்டிங் கதைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பயம் ஏறியது.

முதல் நாள், முதல் ஷாட். கதாநாயகன் நடுவில் நிற்கிறார். சுற்றிப் பன்னிரண்டு ரோபோக்கள். ஆக்‌ஷன் என்று கத்தியதும் பன்னிரண்டு பேரும் ஒன்றாகத் தலை வணங்கியிருக்கிறார்கள். கதாநாயகனும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டார்.

"எதுக்குய்யா கும்புட்றீங்க, நீங்க கொலகார ரோபோ" என்று மாஸ்டர் கத்தினாராம். மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி ஆக்‌ஷன் என்றதும் மறுபடி வணங்கினார்கள். மூன்றாவது முறை பத்துப் பேர் நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் பேங்க் செக்யூரிட்டியும் மட்டும் வணங்கினார்கள். ஹெல்மெட்டுக்கும் தோளுக்கும் நடுவில் தெர்மாகோல் திணித்துக் கழுத்தை அசையவிடாமல் செய்து பார்த்தார்கள். இடுப்பிலிருந்து வணங்கினார்கள்.

அடுத்த தொந்தரவு விழுவதில். கதாநாயகன் காற்றில் ஒரு குத்து விட வேண்டும், இவர்கள் பறந்து போய் விழ வேண்டும். இவர்கள் அசையாமல் நின்றார்கள்.

"ஏன் சார் விழல?" என்று மாஸ்டர் கேட்டதற்கு ஆட்டோக்காரர், "அடி படவே இல்லியே சார்" என்று சொல்லியிருக்கிறார். படாத அடிக்கு விழுவது ஏமாற்று வேலையாம். இத்தனை வருஷம் அடிபட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகியவர்கள். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார் என்று என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மாஸ்டர் எதற்காக இவரைக் குழுவில் சேரக் கூப்பிட்டார் என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன், விளங்கவில்லை.

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மல்லேஸ்வரம் பக்கம் ஒரு மாலில் மேட்னி ஷோவுக்குப் போனோம். நான், அவர், அவருடைய தங்கை. அந்த ஒரு தியேட்டரில்தான் ஓடியது, அதுவும் அந்த ஒரு ஷோதான். உள்ளே ஒரு முப்பது பேர் இருப்பார்கள். எங்களுக்குப் பின்னால் நாலைந்து ஐ.டி. பையன்கள்.

படம் ஆரம்பித்துக் கிரகம் வந்தது. வானத்தில் இரண்டு நிலாக்களை ஒட்டியிருந்தார்கள். நாத்தனார் என் காதருகே வந்தாள்.

"அண்ணி, இது எங்க வூட்டுப் பின்னாடி. இந்த மேட்டுலதான் பலகை போட்டுச் சறுக்குவோம்."

"சும்மா இரு."

"ரெண்டு நிலா வச்சவன், அந்த மூலையில இருக்கற கரண்ட்டுக் கம்பத்த அழிக்கக் கூடாதா?"

பார்த்தேன். கம்பம் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆடும் நின்றது.

சண்டைகளைப் பற்றி என்ன சொல்ல? கதாநாயகன் ஒவ்வொரு முறையும் காற்றில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உதைக்கிறார். திருவிழா ராட்டினம்கூட அத்தனை மெதுவாகச் சுற்றாது. அவர் சுற்றி முடிக்கும்வரை ரோபோ வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றுகொண்டே இருக்கிறது. நான் இருந்திருந்தால் இரண்டாவது சுற்றிலேயே காலைப் பிடித்து இழுத்திருப்பேன். முடி ஒன்றுகூடக் கலையவில்லை. ஒரு குத்து கிளம்பி முகத்துக்கு வந்து சேருவதற்குள் பின்னால் ஒரு பையன் வெளியே போய் வந்தான். குத்துக்கும் முகத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்ததால் அங்கே நீல வெளிச்சம் போட்டு அடைத்திருந்தார்கள். சத்தம் மட்டும் அரை நொடி கழித்து வந்தது. விஞ்ஞானியாக வரும் கதாநாயகி படம் முழுக்க ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். வில்லன் ஒருவழியாக நாற்காலியை விட்டு எழுந்து சண்டை போட்டபோது அவன் காது வேறாக இருந்தது. டூப் ஆள். முன்னால் பார்த்த காது சின்னது.

"துப்பாக்கி வெடிக்காது, சரி. கத்தி எங்கே போச்சு?" என்று கேட்டேன்.

"கத்தி இருந்தா படம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும் அண்ணி" என்றாள் நாத்தனார்.

என் வீட்டுக்காரர் எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தார். பாப்கார்னைத் தொடவே இல்லை. இத்தனையும் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு வெள்ளி உடுப்புகளில் அவர் எது என்று கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. ஷூட்டிங் நடுவில் ஒருநாள் உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அக்குளில் கிழிந்து போயிருந்தது. லைனிங் துணிக்கு மேலே வெள்ளி பெயிண்ட், அவ்வளவுதான் எதிர்கால நாகரிகம். நான்தான் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். கை தூக்கும்போதெல்லாம் அந்தத் தையல் தெரிந்தது. படத்தில் ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான்.

கடைசிச் சண்டை. பதினோரு ரோபோக்கள் தீர்ந்துவிட்டன. மேட்டு உச்சியில் என் வீட்டுக்காரர் மட்டும். கீழே பள்ளம். இசை நெஞ்சை அடைக்கிற மாதிரி ஏறுகிறது. கதாநாயகன் முஷ்டியை மடக்குகிறார். என் வீட்டுக்காரர் இரண்டு காலையும் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, நிதானமாக, இடுப்பு வளைத்து வணங்கினார்.

அந்தச் சண்டைக்குக் கதாநாயகனுக்கு ஒரே நாள்தான் நேரம் இருந்ததாம், மறுபடி எடுக்க முடியாது, வெட்டினால் சண்டையே இருக்காது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"ஏ குரு, ரோபோ நமஸ்கார மாட்து நோடோ" என்று பின்னால் ஒருவன் கன்னடத்தில் சொன்னான். ரோபோ வணக்கம் வைக்கிறது பார்டா என்கிறான். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. திரும்பி நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலிக் கைப்பிடியில் இருந்த கையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அது நடந்தது. கதாநாயகன் சுற்றி உதைக்கக் காலைத் தூக்கினார். ஊன்றிய கால் மேட்டு விளிம்பில் சறுக்கியது. அது நடிப்பு இல்லை. மனுஷன் முகத்தில் நிஜப் பயம், படத்திலேயே முதல் முறையாக. என் வீட்டுக்காரரின் கை போய் அவர் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்தது. பிடித்து உள்பக்கம் இழுத்து நிறுத்தி, அதே வேகத்தில், ஏதோ உதை வாங்கினவர் மாதிரி, தன்னைத்தானே பின்பக்கம் தூக்கி எறிந்துகொண்டு பள்ளத்தில் விழுந்தார். முதுகு, தோள், இடுப்பு என்று உருண்டு உருண்டு அடிவாரம் வரைக்கும் போனார். மண் புகை மாதிரி எழும்பியது. கயிறு இல்லை, நீல வெளிச்சம் இல்லை.

தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒரு பையன் மட்டும் மூச்சை உள்ளே இழுத்தான். நாத்தனார் என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப மனசில் ஓட்டிப் பார்த்தேன். பெல்ட்டைப் பிடித்த கை, எறிந்த உடம்பு, விழுந்த விதம். அம்பு ஒட்ட இடம் கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இத்தனை மாதம் கையில் தயாராக வைத்திருந்த பதில் இப்போது பொய்யாகப் போகிறதே என்ற பயம்.

வெளியே வந்து காபி குடிக்க நின்றோம். நாத்தனார் போய் மூன்று பேருக்கு இரண்டு காபி சொல்லி, காலி டம்ளர் ஒன்று வாங்கிவந்து பிரித்து ஊற்றினாள். எங்கள் ஊரில் அதற்கெல்லாம் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நின்றபடியே குடித்தோம்.

"இப்ப சொல்லு" என்றார் அவர்.

"வீட்டுக்குப் போயி சொல்றேன்."

"இங்கியே சொல்லு. அங்க போனா நீ சமையல் பண்ணப் பூடுவ."

சொன்னேன். படம் குப்பை என்றேன். தலை ஆட்டினார். உங்கள் குத்து ஒன்றுகூட யார் மேலும் படவில்லை, அது பத்தாவது வரிசையிலிருந்தே தெரிகிறது என்றேன். அதற்கும் தலை ஆட்டினார். கும்பிடுகிற ரோபோவை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை, உங்களுக்குக் கோபமே வராது, கோபம் வராத ஆளுக்குச் சண்டைப் படத்தில் என்ன வேலை என்றேன்.

"சிரிச்சியே" என்றார்.

"சிரிச்சேன். சிரிப்பு வந்துது."

"சரி. அடிக்க வரல. உழுந்தது?"

நான் காபியைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது. நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி, உழுந்தத சொல்லுங்க."

"விழுந்தது நல்லா இருந்துது" என்றேன்.

"நல்லான்னா?"

"நல்லான்னா நல்லாதான். அதுல தப்பு ஒண்ணும் இல்ல."

அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, வசமாக மாட்டிக்கொண்டேன் என்று.

"மாஸ்டர் அதுக்குத்தான் கூப்புட்றாரு" என்றார். "அந்த ஆளு கால் சறுக்கினப்ப நான் புடிச்சன்ல, அத அவர் பாத்தாரு. அடிக்கறதுக்கு ஹீரோ ஒருத்தர் போதுமாம். மத்தவங்க எல்லாருக்கும் உழுறதுதான் வேலையாம். தானும் ஒடையாம, அவரையும் ஒடைக்காம உழுற ஆளு கெடைக்கலன்னு சொன்னாரு."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா நீ அத மட்டும் குத்தம் பாக்கறதுக்குன்னே உக்காந்திருப்ப."

நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது. "அண்ணன் அடிக்கலன்னு யாரு சொன்னது" என்று இருமிக்கொண்டே சொன்னாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தேன். ஆனால் என்ன செய்வது? பாஸ் போட்ட உருப்படியை, நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்ப எடுத்து அம்பு ஒட்ட முடியாது. அப்படிச் செய்கிற செக்கர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களோடு நான் பேசுவதுகூட இல்லை. வீடு வந்து சேருவதற்குள், நாற்பத்திநாலு வயசு முட்டியை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும், தலைக்கு அடி படுகிற வேலைக்குப் போகக் கூடாது என்று இரண்டு நிபந்தனை மட்டும் போட்டேன். இரண்டுக்கும் சரி என்றார். ரொம்பச் சுலபமாகச் சரி என்றார்.

மறுநாள் கம்பெனியில் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் அவருடைய சூப்பர்வைசர் எனக்கு ஃபோன் செய்தார். நல்ல மனுஷர், பதினைந்து வருஷப் பழக்கம்.

"இன்னாம்மா இது, நீங்களாவது சொல்லக் கூடாதா? நல்ல வேலைக்காரர் மா. இந்த வயசுல சினிமாவா?"

அவர் சொன்னது அத்தனையும் நான் சொல்ல நினைத்ததுதான். அதை வேறொருத்தர் வாயால் கேட்டபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"படம் பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"பாத்தேன்மா. உண்மையச் சொன்னா, பாதியில எழுந்து வந்துட்டேன். உக்கார முடியல."

"அப்போ நீங்க பேசக் கூடாது சார்" என்றேன். "போயி முழுசா பாருங்க. கடைசியிலதான் விழறாரு."